ஒரு கம்ப்யூட்டர் போனால் கம்பெனியே போக வேண்டுமா?

ஆபீஸ் சர்வர், கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றித் திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர்கள் எங்கள் தொழில்நுட்பக் குழுவினர்.

கேள்வி: எங்களுடையது சின்ன பனியன் கம்பெனிங்க. ஒரு சர்வர், 14 கம்ப்யூட்டர். டேலி டேட்டா சர்வரின் டி டிரைவில் இருக்கிறது. அந்த டிரைவையே எல்லோருக்கும் ஷேர் போட்டு வைத்திருக்கிறோம். காசு கொடுத்து ஆன்டிவைரஸும் வாங்கிப் போட்டாச்சு. இது போதுமுங்களா?
– அக்கவுண்டன்ட், 15 வேலம்பாளையம், திருப்பூர்

போதாதுங்க. ஆன்டிவைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் கோட்டை விட்டுவிட்டது என்று வையுங்கள். மீதி 13-ம் சர்வரும் என்ன ஆகும்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மெர்ச்சன்டைசருக்கு மெயிலில் ‘டெக்பேக்’ (ஆர்டரின் டிசைன், அளவு விவரம்) என்று ஒரு ஜிப் ஃபைல் வருகிறது, திறக்கிறார். உள்ளே வந்த ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், அவர் கம்ப்யூட்டரோடு நிற்காது. அவர் பெயருக்கு எந்தெந்த ஷேரில் எழுத உரிமை இருக்கிறதோ அத்தனையையும் பூட்டும். ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’ என்று டி டிரைவையே திறந்து வைத்திருந்தால் மொத்த டிரைவும் காலி. அதற்கு மேல், சர்வீஸ் பண்ணும் தம்பி வசதிக்காக 14 கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தால், ஒன்றிலிருந்து அதை உருவி மற்ற எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடலாம்.

முதல் வேலை, தினசரி வேலை செய்யும் லாகின் எல்லாவற்றையும் ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ ஆக்குவது. அட்மின் லாகின் தனி. அதன் பாஸ்வேர்டு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேறு வேறாக இருக்கட்டும். 14-ஐயும் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டினாலே போதும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா லாகினையும் ஒரே சர்வரில் நிர்வகிக்கும் ‘டொமைன்’ வைத்திருக்கும் பெரிய ஆபீஸ் என்றால் ‘விண்டோஸ் லேப்ஸ்’ இதைத் தானாகவே செய்யும். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே அது இருக்கிறது.

அடுத்தது ஷேர். டி டிரைவ் ஷேரை எடுத்துவிட்டு, தேவையான ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள். உரிமை இரண்டு இடத்தில் இருக்கும்: ‘ஷேரிங்’ டேபில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ டேபில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ‘எவ்ரிஒன்’ பெயரை நீக்கி, அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு ஒரு குரூப் போட்டு ‘மாடிஃபை’ மட்டும் கொடுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்தால் உரிமையையே மாற்றும் உரிமையும் சேர்ந்து போய்விடும். இதைச் செய்த மறுநாள் சில கம்ப்யூட்டரில் 1219 என்ற எண்ணோடு எரர் வரும். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் சர்வருக்குள் வர முயல்வதால் வருவது அது. மேப் செய்த டிரைவைத் துண்டித்து, கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து பழைய பதிவை அழித்து, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

டேலியில் மட்டும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஷேர் ஃபோல்டரிலிருந்து நேரடியாக டேலி ஓட்டுபவருக்கு அந்த டேட்டா ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தே ஆக வேண்டும். அவர் பெயரில் ஓடும் வைரஸுக்கும் அதே உரிமைதான். எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஒரு ஃபோல்டர் திறந்தே இருக்கும். மாற்று வழி இரண்டு. டேலிபிரைம் சர்வர் போட்டால் டேட்டாவை சர்வீஸே படித்து எழுதிக்கொள்ளும், ஆட்களுக்கு ஃபோல்டர் உரிமை வேண்டியதில்லை. இல்லையென்றால் டேலியை சர்வரிலேயே ஓட்டி, ரிமோட் டெஸ்க்டாப்பில் (சர்வரின் திரையைத் தங்கள் கம்ப்யூட்டரில் பார்த்து வேலை செய்வது) உட்கார வைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் பேக்கப்பில்தான் உயிர் இருக்கிறது. அது கீழே வருகிறது.

கடைசியாக, காசே செலவில்லாத ஒரு வேலை. க்ளையன்ட் கம்ப்யூட்டர்கள், அதாவது சர்வர் தவிர்த்த 14-ம், ஒன்றோடொன்று பேச வேண்டிய தேவையே இல்லை. எல்லாம் சர்வரோடு பேசினால் போதும். க்ளையன்ட் ஒவ்வொன்றிலும் நெட்வொர்க் புரொஃபைலை ‘பிரைவேட்’டிலிருந்து ‘பப்ளிக்’ ஆக்குங்கள். உள்ளே வரும் ஃபைல் ஷேரிங்கை விண்டோஸ் ஃபயர்வால் அடைத்துவிடும். இவர்கள் சர்வருக்குப் போவது தடைபடாது. ‘நெட்வொர்க்’ ஐகானில் சர்வர் தெரியவில்லை என்பார்கள். மேப் செய்த டிரைவ் வேலை செய்யும். யாராவது ஒருவர் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி பிரின்டரை மாட்டி மற்றவர்களுக்கு ஷேர் போட்டிருந்தால் அது நின்றுபோகும். லேன் போர்ட் உள்ள பிரின்டருக்கு மாறுங்கள், அல்லது அதை சர்வருக்குக் கொண்டுபோங்கள். சர்வரை மட்டும் ‘பிரைவேட்’டில் விட்டு, ஃபைல் ஷேரிங் வந்து போகும் 445 போர்ட்டுக்கான ஃபயர்வால் விதியின் ‘ஸ்கோப்’ பகுதியில் தேவையான ஐபி எண்களை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (ஸ்கேன் செய்யாமல் விடும் இடங்களின் பட்டியல்). கிராக் செய்த சாஃப்ட்வேர் எப்போதாவது போட்டிருந்தால், சி டிரைவ் முழுக்கவே அங்கே விலக்குப் பெற்று உட்கார்ந்திருக்கலாம். காவல்காரனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் சம்பளம் கொடுப்பதுதான் அது.

கேள்வி: எஸ்எம்பி 1 ஆபத்து என்று படித்து அதை ஆஃப் செய்தேன். மறுநாளே ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் ஃபோல்டருக்கு எதுவும் வரவில்லை. திரும்ப ஆன் செய்துவிட்டேன். தப்புங்களா?
– ஆபீஸ் மேனேஜர், ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதி நிறுவனம், கரூர்

ஆன் செய்ததுதான் தப்பு. எஸ்எம்பி என்பது விண்டோஸில் ஃபைல் ஷேரிங் நடக்கும் முறை, 1 அதன் பழைய பதிப்பு. 2017 மே 12-ல் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது இந்த எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. 445 போர்ட் திறந்திருந்த கம்ப்யூட்டருக்கெல்லாம் தானே போனது. அதை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-லேயே வந்திருந்தது.

மெஷின் பக்கம் சரி செய்ய முடியுமா என்று பாருங்கள். பிரவுசரில் அதன் ஐபி எண்ணை அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் வரும். நெட்வொர்க் பகுதியில் எஸ்எம்பி 2 அல்லது 3 என்று இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் சர்வீஸ் இன்ஜினியரிடம் ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட் கேளுங்கள். அதுவும் இல்லாத பழைய மெஷின் என்றால் மெயிலுக்கு ஸ்கேன், அல்லது பென் டிரைவுக்கு ஸ்கேன். ஒரு மெஷினுக்காக மொத்த ஆபீஸின் கதவையும் திறந்து வைக்க வேண்டாம்.

செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே அட்ரஸ் புக்கையும் திறந்து பாருங்கள். ஸ்கேன் ஃபோல்டருக்குப் போக எந்த யூசர்நேம் கொடுத்திருக்கிறது? சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரே அங்கே இருப்பது சர்வ சாதாரணம். ஸ்கேன் ஃபோல்டரில் மட்டும் எழுதக்கூடிய தனி யூசர் ஒன்றை உருவாக்கி அதை மாற்றுங்கள். மெஷினுக்கே உள்ள அட்மின் பாஸ்வேர்டு கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்புக்குப் போனவர்களுக்குப் பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ ஷேர் திறக்காது. அதுவும் கோளாறு அல்ல, வேண்டுமென்றே மூடியதுதான்.

கேள்வி: முதலாளி ராத்திரி வீட்டிலிருந்து சர்வரைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை ரவுட்டரில் ஃபார்வர்டு செய்திருக்கிறோம். 3389-ஐ 33890 ஆக மாற்றியாச்சு. இனி பயமில்லையே?
– சிஸ்டம் அட்மின், சிட்கோ, கோவை

3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் எண். அதை மாற்றுவது வீட்டுக் கதவின் நிறத்தை மாற்றுவது போலத்தான். எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும் கருவிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. நம்பாவிட்டால் சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, ‘செக்யூரிட்டி’ லாகில் 4625 எண்ணை ஃபில்டர் செய்து பாருங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அவை. நடுராத்திரி 2 மணிக்கு, நொடிக்கு ஒன்றாக, உங்கள் ஆபீஸில் இல்லாத பெயர்களில் வரிசை வரிசையாக இருக்கும். ‘லாகான் டைப்’ 10 (ரிமோட் டெஸ்க்டாப் லாகின்) என்று தேடி ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். என்எல்ஏ (திரை வரும் முன்பே பாஸ்வேர்டு கேட்கும் முறை) ஆன் செய்திருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் தோல்விகள் 3 (நெட்வொர்க் லாகின்) என்றுதான் பதிவாகும்.

பாஸ்வேர்டு பலமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 எல்லாம் அதில் மாட்டின. எப்போதோ காலாவதியான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்டிங்கை இன்றே எடுத்துவிட்டு விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் ரகசியப் பாதை) போடுங்கள். ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் இருந்தால் அதுவே போதும். யுடிபி 51820 என்ற போர்ட் ஒன்றுதான் வெளியே தெரியும், சரியான கீ இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. பழைய ரவுட்டரில் பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறை மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை நம்பாதீர்கள், ரவுட்டரை மாற்றுங்கள். முதலாளியின் லேப்டாப்புக்கு ஒரு கீ, போனுக்கு ஒரு கீ என்று தனித்தனியாகக் கொடுங்கள். போன் தொலைந்தால் அந்த ஒரு கீயை அழித்தால் போதும். விபிஎன் வழியாக வருபவருக்கும் மொத்த நெட்வொர்க்கைத் திறக்காமல், சர்வரின் 3389 மட்டும் என்று விதி போடுங்கள்.

செட் செய்தும் இணைப்பு வரவில்லை என்றால் ரவுட்டரின் வேன் ஐபியை (இணையப் பக்கத்து ஐபி எண்ணை) பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் பொது ஐபி உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். நெட் கொடுப்பவரிடம் ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும்.

கூடவே 10 தடவை தப்பாக அடித்தால் 15 நிமிடம் பூட்டும்படி ‘அக்கவுண்ட் லாக்அவுட்’ போடுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயருக்குப் பழைய விண்டோஸில் இந்தப் பூட்டு பொருந்தாது. 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு அதற்கும் தனியாக ஆன் செய்யலாம்.

கேள்வி: எம்பிராய்டரி மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் எக்ஸ்பியில் ஓடுகிறது. மாற்றினால் சாஃப்ட்வேர் வேலை செய்யாது. பென் டிரைவில் டிசைன் கொண்டுபோகும்போதெல்லாம் ஃபோல்டர்கள் ஷார்ட்கட் ஆகிவிடுகின்றன.
– எம்பிராய்டரி ஜாப் ஒர்க், ஈரோடு

எக்ஸ்பியை விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லப்போவதில்லை, மெஷின் ஓட வேண்டும். அது மற்ற எதையும் தொடக்கூடாது, அவ்வளவுதான். காங்கயம் பக்கம் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) கிளுவை வேலி போட்டுப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படல் வைப்பார்கள் அல்லவா? நெட்வொர்க்கையும் அப்படிப் பிரிக்க வேண்டும். மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங்ஸ் மாற்றக்கூடிய வகை) இருந்தால் சர்வருக்கு ஒரு விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), ஆபீஸுக்கு ஒன்று, மெஷின்களுக்கு ஒன்று, கேமராவுக்கும் வருகைப்பதிவு மெஷினுக்கும் ஒன்று, வருபவர் வைஃபைக்கு ஒன்று. விலேன் பிரித்ததோடு நின்றுவிட்டால் பயனில்லை. ரவுட்டரில் இவற்றுக்கு இடையே ‘எல்லாம் அனுமதி’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வேண்டியதை மட்டும் திறங்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் இல்லையா? எக்ஸ்பியின் லேன் வயரைப் பிடுங்கிவிடுங்கள், அதைவிடப் பலமான ஃபயர்வால் கிடையாது.

ஷார்ட்கட் விஷயம்: உங்கள் டிசைன் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது. அம்புக்குறி போட்ட, ஓரிரு கேபி அளவுள்ள அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் வைரஸ் ஓடிவிட்டு, அப்புறம் உங்கள் ஃபோல்டரைத் திறந்து காட்டும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. அப்டேட் ஆன விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் பென் டிரைவைப் போட்டு, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி டிஎஸ்டி (எம்பிராய்டரி டிசைன்) ஃபைல்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்பிக்குள்ளும் வைரஸ் உட்கார்ந்திருக்கும், அதைச் சுத்தம் செய்யாவிட்டால் மறுபடியும் ஒட்டும். அதன் பிறகு மெஷினுக்கென்று ஒரே பென் டிரைவ், சிவப்பு டேப் ஒட்டியது, வேறு எங்கும் போகக்கூடாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் டிரைவ் நேராக மெஷினுக்குப் போகவே வேண்டாம்.

அந்த எக்ஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் குளோன்ஸில்லா என்ற சாஃப்ட்வேர் கொண்டு இமேஜ் (முழு நகல்) எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். டிஸ்க் போன நாளில் வைரஸைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

கேள்வி: சிசிடிவி கேமராவால் கம்ப்யூட்டருக்கு என்ன ஆபத்து?
– கோழிப்பண்ணை அலுவலகம், நாமக்கல்

கேமராவும் டிவிஆரும் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்களே. 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்து அனுப்பிய யூசர்நேம், பாஸ்வேர்டை அடித்தே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பியை (கருவிகள் கேட்டால் தானாகப் போர்ட்டைத் திறந்துவிடும் வசதியை) ஆஃப் செய்யுங்கள், தனி விலேனில் வையுங்கள். வருகைப்பதிவு மெஷின் 4370 போர்ட்டில் பேசும் வகை என்றால், எச்ஆர் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் அதற்கு வழி விடுங்கள்.

கேள்வி: மாதாமாதம் எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார். சரியா?
– மில் அலுவலகம், உடுமலை

காலாவதியான யோசனை. அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-லும், மைக்ரோசாஃப்ட் 2019-லும் அதைக் கைவிட்டன. மாதாமாதம் மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். 14 எழுத்துக்குக் குறையாத ஒன்று, மெயிலுக்கும் பேங்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு, ஆள் வேலையை விட்டுப் போன அன்றே அவர் லாகினை மூடுவது. இந்த மூன்றும் போதும்.

கேள்வி: தினமும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறோம். டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே மாட்டியிருக்கும். கிளவுடிலும் சிங்க் ஆகிறது.
– மஞ்சள் வியாபாரி, ஈரோடு

மாட்டியே இருக்கும் டிஸ்க்கும் சர்வருக்கு இன்னொரு டிரைவ்தான், சர்வரோடு சேர்ந்தே பூட்டப்படும். சிங்க் என்பதும் பேக்கப் ஆகாது. பூட்டப்பட்ட ஃபைலையும் அது விசுவாசமாகக் கிளவுடில் ஏற்றிவிடும். பழைய வெர்ஷன் எத்தனை நாள் இருக்கும் என்று உங்கள் திட்டத்தில் பார்த்து வையுங்கள்.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று ஆபீஸில், ஒன்று வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு திரிவதால் பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டு, அதன் 48 இலக்க ரிகவரி கீயைத் தாளில் அச்சிட்டு டிஸ்க்கோடு சேராமல் வையுங்கள். தினசரிக்கு ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் தனி ஹார்ட் டிஸ்க் பெட்டி) நல்லது. ஆனால் சர்வர் போய் நாஸில் எழுதக்கூடாது, நாஸ் வந்து சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது சர்வர் கெட்டாலும் நாஸின் பாஸ்வேர்டு அதில் இருக்காது. நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து நிலையின் பதிவு) 30 நாளுக்கு வையுங்கள்.

எல்லோரும் டேலியை மூடிய பிறகு, இரவு 11 மணிக்கு மேல் எடுங்கள். யாராவது ஒருவர் திறந்தே வைத்துவிட்டுப் போனால் பேக்கப்பில் ஃபைல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். அது தெரிய வருவது திரும்ப எடுக்கும் நாளில்தான். ஆகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து திறங்கள். கடைசி வவுச்சர் எண்ணும் டிரையல் பேலன்ஸும் சர்வரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ‘பேக்கப் கம்ப்ளீட்டட்’ என்ற மெசேஜை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் 22 இருக்கிறது. உடனே எல்லாம் மாற்ற வேண்டுமா?
– லாரி பாடி பில்டிங் யூனிட், நாமக்கல்

2025 அக்டோபர் 14-ஓடு இலவச அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்துதான். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்குக் கம்ப்யூட்டருக்கு 61 டாலர் கட்டி அப்டேட் நீட்டிக்கலாம். அடுத்தடுத்த ஆண்டு அது இரட்டிப்பாகும், மூன்று ஆண்டுதான். மெயிலும் நெட்பேங்கிங்கும் பார்க்கும் கம்ப்யூட்டர்களை முதலில் மாற்றுங்கள். கழித்ததை இணையம் இல்லாத வேலைக்குப் போடலாம்.

கேள்வி: காலையில் வந்து பார்த்தால் எல்லா ஃபைலும் பெயர் மாறி, பணம் கேட்டு ஒரு நோட் இருந்தால், முதலில் என்ன செய்வது?
– ஏற்றுமதி நிறுவனம், பெருந்துறை

ஸ்விட்சிலிருந்து லேன் வயர்களைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை ஆஃப் செய்ய அவசரப்பட வேண்டாம், மெமரியில் தடயம் இருக்கும். பேக்கப் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மாட்டுவது எல்லோரும் செய்யும் பெரிய தப்பு. அதுவும் பூட்டப்படும். நோட்டையும் ஃபைல் பெயர்களின் வால் எழுத்தையும் போனில் படம் எடுங்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் முதலியோர் 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்று இல்லாவிட்டாலும் நாளை வரலாம். பூட்டிய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல், புது டிஸ்க் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு. நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். பணம் கைமாறிய மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

விண்டோஸைப் புதிதாகப் போட்டு டேட்டாவை ஏற்றும் முன், எந்த வழியாக வந்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே திரும்ப வருவார்கள். ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி லாகில் 4720 என்றால் புது யூசர் உருவாகியிருக்கிறது. சிஸ்டம் லாகில் 7045 என்றால் புது சர்வீஸ் நுழைந்திருக்கிறது. 1102 என்றால் செக்யூரிட்டி லாகையே அழித்திருக்கிறார்கள். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், அதைச் சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து செய்யுங்கள். அதே உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. விண்டோஸில் செக்யூரிட்டி லாகின் அளவு சின்னது, நிரம்பியதும் பழையதை அழித்துக்கொண்டே எழுதும். அதை 1 ஜிபிக்கு உயர்த்தி, வாரம் ஒருமுறை வேறு இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். இல்லையென்றால் அவர்கள் உள்ளே வந்த அந்த ஒரு 4624 (வெற்றி பெற்ற லாகின்) வரியை, அதே இரவில் குவிந்த ஆயிரக்கணக்கான 4625-களே தள்ளி அழித்துவிடும்.